வீழ்ச்சியும் திருவருளும்

சேவல் கூவினால் பொழுது புலரப்போகின்றது என்பது உலகத்தார் துணிபு. உழவன் அவ்வொலி கேட்டு எழுவான். கரைவலைக்காரன் கடலை நோக்கி நடப்பான். ஆயினும், எருசலேம் நகரிலே ஒருநாள் வைகறையிற் கூவிய சேவலின் குரல் ஒரு மனிதனைத் தேம்பி அழச்செய்தது. அவர் இயேசு கிறிஸ்துவின் சீடருள் முதல்வராய் எண்ணப்பட்ட பேதுரு. கத்தோலிக்க மக்கள் பழைய வழக்கிலே அவரை இராயப்பர் என்பர்.

உரோமாபுரியிலே நான்காம் நூற்றாண்டிற் செய்யப்பட்ட கற்பேழைகள் பல இன்றும் உள்ளன. இறந்தோரை வைத்து அடக்கஞ்செய்யும் பேழைகள் அவை. அவற்றின் புறத்தே கிறிஸ்துவும் பேதுருவும் நிற்க, அருகே ஒரு சேவல் நிற்பதாகச் செதுக்கிய சிற்பங்கள் பலவற்றைக் காணலாம். தம் தலைவரின் பெருமையைக் கல்லிற் பொறிப்பது எச்சமயத்தார்க்கும் இயல்பு. தம் தலைவர் வெட்கித் தலைகுனிந்த நிகழ்ச்சியைக் கல்லிற் பொறித்து, அதனைத் தம் இறந்தோர்மீது வைத்தார்களே, அஃது ஏன்? இந்த வினாவிற்கு விடை காண்பதே, வீழ்ந்த மனிதனைக் கிறிஸ்தவ சமயம் எவ்வாறு நோக்குகின்றது என்பதை அறிதற்கு நேர்வழியாகும்.

பேதுரு கலிலேயா நாட்டு மீனவர். சீமோன் என்பது அவரது இயற்பெயர். 'கற்பாறை' எனப் பொருள்படும் பெயரை அவருக்கு இட்டவர் இயேசுவே. இயேசு பிடிபடுவதற்கு முந்திய மாலையில், சீடர் அனைவரும் தம்மைக் கைவிட்டுச் சிதறுவர் என்று அவர் கூறியபோது, மற்றையோர் சிதறினும் தாம் சிதறப்போவதில்லை என்று பேதுரு உறுதி மொழிந்தார். அவ்வுறுதியிலே பொய் இல்லை. தம்மைப் பற்றிய அறிவுதான் இல்லை. பிறரோடு தம்மை ஒப்பிட்டுத் தாமே உயர்ந்தவர் என்று கண்ட அந்நேரத்திலேயே அவரது வீழ்ச்சி தொடங்கிவிட்டது எனலாம்.

அன்றிரவு குளிர் மிகுந்திருந்தது. தலைமைக் குருவின் முற்றத்திலே ஏவலாளர் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தனர். பேதுருவும் அவ்விடத்தே நின்றார். அவரை முதலில் இனங்கண்டவள் படைவீரன் அல்லள், நீதிபதியும் அல்லள். ஒரு வேலைக்காரப் பெண். அவள் கேட்ட எளிய வினாவிற்கே அவர் அஞ்சினார். இரண்டாம் முறையும் மறுத்தார். வடபகுதிக்குரிய அவரது பேச்சின் ஓசையே அவரைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாம் முறை, அந்த மனிதரைத் தமக்குத் தெரியவே தெரியாது என்று சபித்துச் சத்தியமும் செய்தார். அப்பொழுது சேவல் கூவிற்று. இயேசு திரும்பிப் பேதுருவை நோக்கினார் என்று நற்செய்தி எழுதிய நால்வருள் லூக்கா ஒருவரே குறிப்பிடுகின்றார். கடிந்து ஒரு சொல்லும் இல்லை, நோக்கு ஒன்றுதான். பேதுரு வெளியே சென்று மனங்கசந்து அழுதார்.

அதே இரவிலே வீழ்ந்தவர் இன்னொருவரும் உண்டு. முப்பது வெள்ளிக்காசுக்குத் தம் ஆசிரியரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினார் என்று மத்தேயு எழுதுகின்றார். அவர் காசைத் திருப்பிக் கொடுத்தார். குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாகத் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் அவ்வொப்புதலைக் கொண்டுசென்றது தம்மை விலைக்கு வாங்கியவர்களிடம். அவர்கள் அது தங்களுக்குரிய காரியமன்று என்று கைவிரித்தனர். அதன்மேல் அவர் தனித்துப்போய் உயிரை மாய்த்துக்கொண்டார். எனவே இருவரிடையேயும் உள்ள வேறுபாடு, ஒருவர் வருந்தினார் மற்றவர் வருந்தவில்லை என்பதன்று. இருவரும் வருந்தினர். ஒருவர் தம் வருத்தத்தோடு தனித்தார்; மற்றவர் தம் வருத்தத்தோடு தோழர்களிடம் திரும்பினார். உயிர்த்த செய்தி வந்த காலையிலே பேதுரு சீடர் கூட்டத்தோடு இருக்கக் காண்கின்றோம். கல்லறைக்கு வந்த பெண்களிடம் தூதன் கூறிய செய்தியை மாற்கு எழுதும்போது, சீடருக்கும் அறிவியுங்கள் என்பதோடு நில்லாமல், பேதுருவின் பெயரைத் தனியே எடுத்துக் கூறுகின்றார். சீடன் என்ற பெயரை இனித் தாங்கத் தகுதியற்றவன் என்று கருதியிருக்கக்கூடிய ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்த அழைப்பு அது.

பின் நிகழ்ந்ததை யோவான் விரித்துரைக்கின்றார். திபேரியாக் கடற்கரையிலே ஒரு விடியற்காலை. இரவு முழுதும் வலைவீசி ஒன்றும் படாத ஏழு சீடர். கரையிலே கரிநெருப்பு எரிகின்றது. அதன்மேல் மீனும் அருகே அப்பமும் இருக்கின்றன. 'கரிநெருப்பு' எனப் பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டு இடங்களில் மாத்திரமே வருகின்றது. ஒன்று, பேதுரு மறுதலித்த முற்றம், மற்றையது இக்கடற்கரை. வீழ்ந்த இடத்தின் நினைவு அகலாத வண்ணமே அவர் எழுப்பப்படுகின்றார்.

முதலில் உணவு; உணவின் பின்பே வினா. மற்றையோரினும் மிகுதியாகத் தம்மை நேசிக்கின்றாயா என்று இயேசு கேட்டார். அன்று மாலை பேதுரு கூறிய பெருமை மொழியை இவ்வினா நேரே தொடுகின்றது. பேதுருவின் விடையிலே ஒப்பீடு இல்லை. தாம் நேசிப்பதை இயேசுவே அறிவார் என்று மட்டும் கூறினார். மும்முறை மறுத்தவரிடம் மும்முறை வினா எழுந்தது. மூன்றாம் முறை கேட்கப்பட்டபோது பேதுரு துயருற்றார் என்கின்றது நற்செய்தி. திருவருள் நோவாமற் செய்யும் மருத்துவம் அன்று என்பதற்கு இத்துயரம் சான்று. ஒவ்வொரு விடையின் பின்பும் அவருக்கு ஒரு பணி கொடுக்கப்பட்டது: மந்தையை மேய்க்கும் பணி. மன்னித்தேன் என்ற சொல் அவ்வுரையாடலில் ஓரிடத்தும் வரவில்லை. தன்னை மறுத்தவனை நம்பித் தன் மந்தையை ஒப்படைத்ததே மன்னிப்பாயிற்று.

'அருள்' என்ற சொல் தமிழர்க்குப் புதியதன்று. சைவரும் வைணவரும் நெடுங்காலம் போற்றிய சொல் அது. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த தமிழர் 'கிருபை' என்ற சொல்லைப் பெரிதும் வழங்குவர். எச்சொல்லால் வழங்கினும், கிறிஸ்தவர் கருதும் பொருள் ஒன்றே: தகுதியைப் பாராது வரும் அன்பு. தகுதியைப் பார்ப்பதில்லை என்றதனால் உண்மையைப் பார்ப்பதில்லை என்று கொள்ளலாகாது. செய்ததைச் செய்யவில்லை என்று கூறுவது மறைப்பு. செய்தது சிறிது என்று கூறுவது சமாதானம். செய்ததை முழுதும் அறிந்து, அறிந்தபின்பும் கைவிடாதிருப்பதே அருள்.

அவ்வாறு எழுந்த பேதுரு பிறகு ஒருபோதும் தவறவில்லையோ எனின், தவறினார். அந்தியோக்கியா நகரிலே யூதரல்லாத கிறிஸ்தவரோடு பந்தியில் அமர்ந்து உண்டு வந்த அவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகத்துக்கு முகம் கண்டித்தார். அதனைத் தம் கடிதத்திலும் எழுதிவைத்தார். வேலைக்காரப் பெண்ணின் முன் அஞ்சிய அதே மனிதரின் அச்சம் மீண்டும் தலைகாட்டியதை இங்குக் காணலாம். திருவருள் மனிதனை ஒரே நாளில் வேறொருவன் ஆக்கிவிடுவதில்லை. எழுந்தவன் மறுபடியும் இடறலாம், மறுபடியும் எழலாம். உரோமாபுரியிலே நீரோ மன்னன் காலத்திற் பேதுரு தம் நம்பிக்கைக்காக உயிர்துறந்தார் என்பது திருச்சபையின் தொன்மையான மரபு.

இடையிலே விட்டுச் சென்ற இன்னொருவரின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பவுலும் பர்னபாவும் மேற்கொண்ட முதற் பயணத்திலே உதவியாளராகச் சென்ற மாற்கு என்னும் யோவான், பெர்கே என்னும் ஊரில் அவர்களைப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்திற்கு அவரை அழைத்துச் செல்லப் பவுல் உடன்படவில்லை. உறவினராகிய பர்னபாவோ அவரை விட மனங்கொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றி, தோழர் இருவரும் பிரிந்தனர். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரஸ் தீவுக்குக் கப்பலேறினார். காலஞ்சென்ற பின் பவுலின் பெயரால் வழங்கும் கடிதமொன்றில், மாற்கு பணிக்குப் பயன்படுபவர் ஆதலால் அவரை அழைத்து வரவேண்டும் என்ற வேண்டுகோள் காணப்படுகின்றது. கைவிட்டவரை நம்பிக் கூட்டிச் சென்ற ஒருவர் இருந்தமையால் அம்மாற்றம் கைகூடியது. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பாப்பியாஸ் என்னும் ஆயர், இந்த மாற்குவே பேதுருவின் மொழிபெயர்ப்பாளராய் இருந்து, அவர் உரைத்தவற்றை நற்செய்தியாக எழுதினார் என்று மரபு கூறுகின்றார். அம்மரபின்படி நோக்கினால், பேதுருவின் மறுதலிப்பைச் சற்றும் மழுப்பாது எழுதியவர் தாமும் ஒருகாற் பின்வாங்கியவர். அதனை அவருக்குச் சொல்லக்கூடியவர் பேதுருவே.

தனி மனிதருக்கு நேர்ந்த இவ்வினா, கி.பி. 250-ஆம் ஆண்டிலே சமுதாயம் முழுவதற்கும் நேர்ந்தது. உரோமப் பேரரசன் டேசியஸ், பேரரசின் மக்கள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்கு அத்தாட்சிப் பத்திரமும் பெறவேண்டும் என்று கட்டளையிட்டான். எகிப்து நாட்டு வறண்ட மணலிலிருந்து இத்தகைய பத்திரங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. பலியிட்டதையும் பலிப்பொருளை உண்டதையும் கூறி, சாட்சிகள் ஒப்பமிட்ட பத்திரங்கள் அவை. கிறிஸ்தவருட் சிலர் மறுத்துச் சிறை சென்றனர், சிலர் மாண்டனர். பெருந்தொகையினர் பணிந்தனர். சிலர் பலியிட்டனர், சிலர் சாம்பிராணி மாத்திரம் இட்டனர், இன்னுஞ் சிலர் பலியிடாமலே, பொருள் கொடுத்துப் பத்திரத்தை வாங்கிக்கொண்டனர். கலகம் தணிந்தபோது அவர்கள் அனைவரும் கோயில் வாசலில் வந்து நின்றனர். மகனைச் சிறையிற் பலிகொடுத்த தாயும், பலியிட்டுத் தப்பிய அயலவனும் ஒரே பந்தியில் நற்கருணை கொள்வது எங்ஙனம்? வினா எளிதன்று.

வட ஆபிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்பிரியான் இவ்வினாவை எதிர்கொண்டார். அவரது நிலைமையும் சங்கடமானது. கலக காலத்திலே அவர் நகரைவிட்டு மறைந்திருந்து, கடிதங்கள் வாயிலாகச் சபையை நடத்தியவர். மந்தையின் நலங்கருதியே மறைந்ததாக அவர் கூறியபோதும், ஓடிவிட்டார் என்று பழித்தோரும் இருந்தனர். ஒருபுறம், சிறை சென்ற வீரர் கொடுத்த பரிந்துரைச் சீட்டுக்களைக் காட்டி உடனே சேர்த்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினர் பலர். மறுபுறம், உரோமாபுரியிலே நொவாத்தியான் என்னும் கல்விமிக்க குரு, வீழ்ந்தோரைக் கடவுள் மன்னிக்கலாம், திருச்சபை மீளச் சேர்த்தலாகாது என்று வாதித்துத் தனிச்சபை கண்டார். அச்சபையினர் தம்மைத் தூயோர் என்று அழைத்துக்கொண்டனர்.

251-ஆம் ஆண்டிற் கார்த்தேஜில் ஆயர்கள் கூடி ஆராய்ந்தனர். வாயிலை அடைக்கவும் அவர்கள் உடன்படவில்லை. காவலின்றித் திறந்துவிடவும் உடன்படவில்லை. ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும். பத்திரம் மாத்திரம் வாங்கியோரை ஆராய்ந்து சேர்க்கலாம். பலியிட்டோர் நெடுங்காலம் தவஞ்செய்தல் வேண்டும். தவஞ்செய்வோர்க்குச் சாகுந் தறுவாயில் நற்கருணை மறுக்கப்படலாகாது என்று முடிவு செய்தனர். வீழ்ந்த குருமார் மன்னிப்புப் பெறலாம். ஆயின் குருப்பதவியை மீளப்பெறார், பொதுமக்களுள் ஒருவராகவே சேர்க்கப்படுவர். மன்னிப்பு வேறு, பதவி வேறு என்ற தெளிவு இங்கே காணப்படுகின்றது. பேதுரு தம் பணியை மீளப்பெற்றார் என்பதைக் காட்டி, தவறிய ஒவ்வொருவரும் இழந்த பதவியை உரிமையாகக் கேட்டல் பொருந்தாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். மறுபடியும் ஒரு கலகம் வரும் என்ற அச்சம் எழுந்தபோது, 253-ஆம் ஆண்டளவில், தவஞ்செய்துகொண்டிருந்த அனைவரையும் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தனர். போர்முனைக்குச் செல்லவேண்டியோரை வாயிலுக்கு வெளியே ஆயுதமின்றி நிறுத்தலாகாது என்பது அவர்களது கருத்து. ஒருகால் மறைந்திருந்த சிப்பிரியானும் 258-ஆம் ஆண்டு செப்டெம்பர் 14-ஆம் நாள், ஓடாது நின்று வாளுக்கு இரையானார்.

325-ஆம் ஆண்டிலே நைசியாவிற் கூடிய பொதுச்சங்கம், நொவாத்தியானின் சபையிலிருந்து திரும்பும் குருமாருக்கு ஒரு நிபந்தனை விதித்தது. கலக காலத்தில் வீழ்ந்து மீண்டோரோடு உறவு கொள்வதாக அவர்கள் எழுத்தில் உறுதி தரவேண்டும் என்பதே அது. தூயோர் என்று தம்மைக் கருதிய அக்கூட்டத்தின் ஆயர் ஒருவரை நோக்கி, கொன்ஸ்தந்தீன் மன்னன், ஏணி ஒன்று வைத்துத் தனியாகவே வானுலகுக்கு ஏறிக்கொள்ளும்படி நகையாடினான் என்று திருச்சபை வரலாறு எழுதிய சோக்கிரத்தீசு கூறுகின்றார். தவறாதவர் மட்டுமே சேர்ந்திருக்கும் சபையில் எத்தனைபேர் எஞ்சுவர் என்பது அந்நகையின் உட்பொருள். இந்த நூற்றாண்டிலேதான் சேவலும் பேதுருவும் கற்பேழைகளில் இடம்பெற்றனர். வீழ்ந்தும் ஏற்கப்பட்ட ஒருவரை முன்னிட்டு, தம் இறந்தோரும் ஏற்கப்படுவர் என்று அம்மக்கள் நம்பினர் என்று கொள்வது பொருத்தமாகும்.

ஏறக்குறையப் பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்தபின், இதே வினா இலங்கையிலும் எழுந்தது. 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுத்தல் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையிற் பதியப்பட்டாலன்றி, வழியுரிமையும் உத்தியோகமும் கிடைப்பது அரிதாயிற்று. ஆதலாற் கத்தோலிக்கர் பலர் புறத்தே இணங்கினர். சைவ மக்களும் இவ்வாறே கோயிலிற் பெயர் பதிவித்து, வீட்டிலே தம் சமயத்தைப் பேணினர். உரோம அரசனின் பத்திரமும் ஒல்லாந்தரின் பதிவேடும் ஒன்றல்ல. ஆயினும், உள்ளத்தில் ஒன்றும் ஏட்டில் ஒன்றுமாய் வாழும் மனிதனின் நோவு ஒன்றே.

1687-ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் என்னும் குரு, ஏழைத் தொழிலாளி வேடத்திலே யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு எவர் கண் மலர்கின்றது என்று பார்த்தே தம்மவரை அறிந்தார். சில்லாலைக் கிராமத்து மக்கள் அவருக்கு இடங்கொடுத்தனர். முப்பது ஆண்டு காலம் குருவின் முகம் காணாதிருந்தோர் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மீண்டனர். ஏன் இணங்கினீர்கள் என்று கேட்டு வாயிலை அடைக்க அவர் வரவில்லை. அவர்களைத் தேடி இரவில் நடந்து வந்தார். பின்னர்க் கண்டியிலே ஒற்றன் என்ற ஐயத்தாற் சிறைப்பட்டும், அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்டோரைப் பேணியும் வாழ்ந்து, 1711-ஆம் ஆண்டு தை மாதம் 16-ஆம் நாள் கண்டியிலே காலமானார். 2015-ஆம் ஆண்டு தை மாதம் 14-ஆம் நாள், கொழும்புக் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இவ்வரலாறுகள் யாவும் ஒன்றையே உணர்த்துகின்றன. வீழ்ந்த மனிதன் முன் இரண்டு தவறான வழிகள் உண்டு. ஒன்று, வீழவேயில்லை என்று பிறரையும் தன்னையும் ஏமாற்றுவது. மற்றையது, வீழ்ச்சியே தன் முழுப் பெயர் என்று முடிவுகட்டித் தனித்துப்போவது. முன்னையது பெருமையின் விளைவு. பின்னையது பணிவு போலத் தோன்றினும், தனக்குத் தானே நீதிபதியாவதால் அதுவும் ஒருவகைப் பெருமையே. மூன்றாம் வழி, செய்ததைப் பெயரிட்டுச் சொல்லி, தீர்ப்பைத் தன் கையிலிருந்து விட்டுவிடுவது. கத்தோலிக்கர் குருவின்முன் செய்யும் பாவசங்கீர்த்தனமும், ஏனைய சபையினர் வழிபாட்டிலே ஒருமித்துக் கூறும் பாவ அறிக்கையும் இவ்வழிக்குரிய பயிற்சிகளே.

இது வீழ்ந்தோரின் கடமை. வீழாது நிற்போர்க்கும் ஒரு கடமை உண்டு. பர்னபா இல்லையாயின் மாற்கு இல்லை. இரவில் நடந்து வந்த குரு இல்லையாயின் மீண்டு வந்த குடும்பங்களும் இல்லை. கணக்கிற் பிழைசெய்து வேலையிழந்தவனை, குடியால் வீட்டை அழித்துப் பின் திருந்த விழைபவனை, பொய்க் கையொப்பமிட்டுச் சிறை மீண்டவனை ஊர் எவ்வாறு வரவேற்கின்றது? அவனிடம் மீண்டும் பணப்பெட்டியின் திறவுகோலை உடனே கொடுக்க வேண்டும் என்பதன்று. கார்த்தேஜ் ஆயர்கள் அவ்வளவு விரைவு காட்டவில்லை. அவன் உட்கார ஓர் இடமும், உண்ண ஒரு பிடி சோறும், செய்ய ஒரு வேலையும், அவன் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு குரலும் வேண்டும். கடற்கரையிலே பேதுருவுக்குக் கிடைத்தவை இவையே. திருவருள் வானிலிருந்து வருவது என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. அஃது ஒருவன் வீட்டு வாசலை வந்தடைவதோ பெரும்பாலும் இன்னொரு மனிதனின் கால்களினாலேயே.